பாவா ஆடிய ஜப்பான் கேம்

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஓடும். அம்மையார்குப்பத்தில் எங்களுக்கு விசைத்தறி இருந்தது. திருத்தணியில் பாவாவின் வீட்டிலும் ஒரு காலத்தில் தறி இருந்ததாம், ஆனால் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் ஓர் அறையைப் பிடித்து, பழைய டிவிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு விளையாட்டுப் பெட்டியை இணைத்து, வாசலில் 'கேம் சென்டர்' என்று பலகை மாட்டினார். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று எங்கள் நைனா கேட்டதற்கு, வந்தவர்களில் ஒருவர் "கம்ப்யூட்டர் லைன்" என்றார். பாவா தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்தச் சிரிப்பினாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்போது நான் திருத்தணியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் கேம் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன். கல்லூரிப் பையன்கள் வருவார்கள். மலையில் முடி இறக்கிவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களும் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒரே வகைதான்: சுடுகிற கேம், வண்டி ஓட்டுகிற கேம், சண்டை கேம். இவை எல்லாவற்றுக்கும் கடையில் ஒரே பெயர், 'வெள்ளைக்காரன் கேம்'. மீதி எல்லாம் 'ஜப்பான் கேம்'. அது நான் ஒருவன் மட்டுமே ஆடுவது.

பாவாவுக்கு ஜப்பான் கேம் என்றால் இளக்காரம். நான் ஆடும்போது பின்னால் வந்து நின்றுகொள்வார்.

"இன்னாடா மச்சான் இது, இவன் அடிக்கிறான், அவன் வரிசைல நின்னு வாங்கிக்கிறான். அப்புறம் அவன் அடிக்கிறான், இவன் நின்னு வாங்கிக்கிறான். சண்டையா இது, ரேஷன் கடையா?"

"இது யோசிச்சு ஆடுறது பாவா."

"யோசிக்கிறதுக்குள்ள செத்துப்போயிடுவான்டா. நிஜத்துல எவன் நின்னுகினு இருப்பான் உனக்காக? வெள்ளைக்காரன் கேமைப் பாரு. கதவத் தொறந்தா சுடுறான். நீ முந்திக்கினா நீ இருப்ப. அதான் கணக்கு."

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்னிடம் இருந்தவை திருட்டு சிடிகள். அவற்றில் சில முழுக்க ஜப்பானிய எழுத்திலேயே இருக்கும். ஓர் எழுத்தும் தெரியாமல், மேல் வரியை அழுத்தினால் அடி, மூன்றாம் வரியை அழுத்தினால் மருந்து என்று தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தக் கேம்களில் சண்டையே இல்லாமல் நெடுநேரம் நடக்கலாம். ஏதாவது ஒரு சின்ன ஊர் வரும். கிணற்றடியில் ஒருத்தி நிற்பாள், பக்கத்தில் போனால் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டுவிட்டு வருவேன். வெள்ளைக்காரன் கேம் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இனி உலகம் உன்னுடையது என்று சொல்லிவிடும். ஜப்பான் கேம் நாலு சிநேகிதர்களைக் கொடுத்து, பாதி வழியில் ஒருவரைப் பிடுங்கிக்கொள்ளும். நாம் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த ஒருவரைக் காப்பாற்ற முடியாது. அந்த வயதில் பறிகொடுப்பது எனக்குப் பெரிய அழகாகத் தெரிந்தது. அதுவரை நான் யாரையும் பறிகொடுத்திருக்கவில்லை.

ஒருநாள் அவரை மடக்கிவிட்டதாக நினைத்தேன். கடையில் எப்போதும் ஆள் காத்திருக்கிற சண்டை கேம் ஒன்று உண்டு. அதன் அட்டையைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன். அதைச் செய்தது ஜப்பான் கம்பெனி. பையன்கள் அடித்துக்கொண்டு ஆடுகிற கால்பந்து கேமும் அங்கே செய்ததுதான்.

பாவா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "தாடி வெச்சிகினு, கை உலக்க மாதிரி கீது. இவன் எப்பிடிடா ஜப்பான்? ஜப்பான்னா கண்ணு இவ்ளோ பெருசு, முடி முள்ளு முள்ளா இருக்கணும். அப்பப்ப அழணும்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு வழக்கு முடிந்தது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் எங்கள் கடையில் ஜப்பான் என்பது ஒரு முகம், அவ்வளவுதான். பரபரப்பாக இருந்தால் வெள்ளைக்காரன், மெதுவாக இருந்தால் ஜப்பான். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. நான் அந்த மெதுவுக்குப் பரிந்து பேசினேன், அவர் கேலி செய்தார்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. சுடுகிற கேம் போனிலேயே இலவசமாக வந்துவிட்டது. கேம் சென்டருக்கு ஆள் வருவது நின்றது. பாவா வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. டிவிகளைத் தள்ளிவிட்டு, அதே அறையில் மேஜை போட்டு, செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். நல்ல கை அவருக்கு. கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூவை இடுக்கியில் எடுத்து, பார்க்காமலே அதன் குழியில் உட்காரவைப்பார். ஒரு பெட்டியையும் ஒரு டிவியையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, காபி குடித்தபடி சுடுகிற கேம் ஆடுவார். எனக்குச் சென்னையில் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. கேட்கிறவர்கள் பொறாமைப்படுவார்கள். உண்மையில் அது ஒரே கதவை நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடிப் பார்க்கிற வேலை. காலை ரயிலுக்கு வசதி என்று அக்கா வீட்டு மாடி அறையிலேயே தங்கிக்கொண்டேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று பேர் வீடு அது.

முதலில் ஸ்க்ரூ கீழே விழுந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார். அப்புறமும் விழுந்தது.

சாயங்கால ஆட்டத்திலும் தோற்க ஆரம்பித்தார். அந்தக் கேமில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடுவார்கள், பேசிக்கொள்ளவும் செய்யலாம். தெரியாத ஊர்ப் பையன்கள் இந்தியில் அவரைத் திட்டுவது டிவியில் கேட்கும். பாவா சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுவார். "ஜாய்ஸ்டிக் சரியில்ல மச்சான். பட்டன் ஒட்டுது" என்றார். அவரே பிரித்துத் துடைத்து மாட்டினார். அப்புறமும் அதே புகார்தான். நான் வாங்கி ஆடிப் பார்த்தேன். பட்டன் ஒட்டவில்லை. புதிது ஒன்று வாங்கிக்கொடுத்தேன்.

சில நாள் கழித்து, "இதுவும் டூப்ளிகேட்டு. நல்லா ஏமாத்தினு கீறானுங்க உன்ன" என்று நீட்டினார். நான் ஜாய்ஸ்டிக்கைப் பார்க்காமல் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கவேண்டிய சதையைக் காணோம். கரண்டியால் வழித்து எடுத்தாற்போல அங்கே ஒரு குழி.

"இது எப்பத்திலேர்ந்து பாவா?"

அவரும் அப்போதுதான் பார்த்தவர்போல கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியல" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து, "சாப்பாட்டக்கூட ஸ்பூன்லதான் சாப்புடுறாரு. கேட்டா ஸ்டைலுன்றாரு" என்றாள்.

சென்னைக்கு அழைத்துப்போனோம். இளம் டாக்டரம்மா ஒருவர், சுத்தியால் முழங்காலில் தட்டி, நாக்கை நீட்டச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். ஊசி குத்திச் செய்கிற சோதனைகளும் நடந்தன. கடைசியில் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசையை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கையில் ஆரம்பித்திருக்கிறது, காலுக்குப் போகும். பிறகு விழுங்குவதும் பேசுவதும் போகும், கடைசியில் மூச்சு. அறிவுக்கும் கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது.

"எவ்ளோ நாள்ல சரியாவுங்க?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டரம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது ரயில் அரக்கோணம் தாண்டியதும் பாவா சொன்னார்: "அந்த டாக்டரம்மா போன் ஸ்க்ரீன் மூலைல உடஞ்சிகினு கீது, பாத்தியா? நம்ம கைல குடுத்திருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சில மாதங்களில் கடையை மூடினோம். பாவா வீட்டோடு இருந்தார். நடை தள்ளாட ஆரம்பித்தது. சுடுகிற கேமை ஆடுவதை அவராகவே நிறுத்தினார். டிவி முன்னால் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஜப்பான் கேம் ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். ஒரு பெண்ணும், ஒரு கிழட்டு வைத்தியனும், ஒரு கரடியும் மலைநாடு ஒன்றைக் கால்நடையாகக் கடக்கிற கதை. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

"கரடி குல்லா போட்டுகினு கீதேடா" என்றார். "வேணாம் மச்சான், எடுத்துடு."

"ஒரு சண்டை மட்டும் ஆடிட்டுச் சொல்லுங்க பாவா."

ஆடினார். காட்டில் இறக்கை முளைத்த பூதம் ஒன்று எதிரே வந்து நின்றது. என்ன செய்வது என்று கேட்டு ஒரு பட்டியல் விழுந்தது. அவருடைய கட்டைவிரல் கீழ்வரிக்குப் போய்ச்சேர வெகுநேரம் பிடித்தது. நடுவில் விரல் வழுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பூதம் இறக்கையை மெல்ல அடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. அக்கா காபி கொண்டுவந்தாள். ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு, அவள் டம்ளரைப் பிடித்துக்கொள்ள, குடித்து முடித்தார். நிமிர்ந்து டிவியைப் பார்த்தார்.

"இன்னாடா, இன்னும் அப்பிடியே நின்னுகினு கீறான்?"

"நீங்க சொல்ற வரைக்கும் நிப்பான் பாவா."

"நாளைக்குச் சொன்னா?"

"நாளைக்கு வரைக்கும் நிப்பான்."

அவர் ஜாய்ஸ்டிக்கை மறுபடி எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம்வரை ஆடினார். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, பெண்ணும் வைத்தியனும் கரடியும் காட்டைத் தாண்டி ஓர் ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கிணற்றடியில் நிற்கிறவளிடம் பேசினாரா என்று கேட்டேன். "எல்லார்கிட்டயும் பேசியாச்சு. வேற வேல இன்னா?" என்றார்.

அந்தச் சமயத்தில் அலுவலகத்தில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் செய்த சில கேம்களில் கைகால் முடியாதவர்களுக்கென்றே புதுப் புது வசதிகள் வந்திருந்தன. குறி தானாக விழும். ஓடுவது, குனிவது எல்லாம் ஒரே பட்டனில் நடக்கும். ஜப்பான்காரர்களுக்கு இந்த அக்கறை இன்னும் வரவில்லை என்று எங்கள் மேலாளர் சொல்வார். நான் ஆசையாக அப்படி ஒரு சுடுகிற கேமை வாங்கி, எல்லா வசதிகளையும் திறந்துவைத்து, பாவாவிடம் கொடுத்தேன். அவருக்குப் பிடித்த வகை. கதவைத் திறந்தால் சுடுகிறவன்.

சிறிது நேரம் ஆடினார். எதிரிகள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

"அதுவே குறி பாக்குது. அதுவே திரும்புது. நான் இன்னா பண்ணினு கீறேன்?"

"நீங்கதான் பாவா சுடுறீங்க."

"ஏமாத்தாத. டிக்கெட் வாங்கினு படம் பாக்குற மாதிரி கீது. எட்த்துடு. கரடியப் போடு."

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்த வசதிகளை யோசித்துச் செய்தவர்கள் நல்லவர்கள். அவற்றால் எத்தனையோ பேர் ஆடுகிறார்கள், அவர்களுடைய கடிதங்களை நானே படித்திருக்கிறேன். ஆனால் பாவா துப்பாக்கியை ஒரு காலத்தில் நன்றாகப் பிடித்தவர். அந்தக் கேம் தனக்காக இறங்கிவருவது அவருக்குத் தெரிந்தது, அதைத் தாங்கமுடியவில்லை. கரடி கேமைச் செய்தவர்கள் அவரைப்பற்றி யோசித்தே இருக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் மெதுவாக இருந்தது, எல்லோருக்கும் நின்றது. யாரும் தயவு காட்டாத இடத்தில் அவரால் உட்காரமுடிந்தது.

"ஜப்பான்காரன் ஏன் மச்சான் இப்பிடிச் செஞ்சான்?" என்று ஒருநாள் கேட்டார். அப்போதே குரல் குழற ஆரம்பித்துவிட்டது. "அவனுக்கு எதுக்கும் அவசரம் இல்லையா?"

"ஜப்பான்லயும் படுவேகமான கேம் இருக்கு பாவா. வெள்ளைக்காரனும் நின்னு ஆடுற கேம் நிறையச் செஞ்சிருக்கான். முதல்ல செஞ்சதே அவன்தான்னு சொல்வாங்க. நாடு ஒண்ணும் இல்ல."

"ஆபீஸ் பேச்சு பேசாத" என்றார். ஜப்பானைக் குறைசொல்ல இப்போது அவர் யாரையும் விடமாட்டார்.

கட்டைவிரலும் நின்றுபோனது. அதன்பிறகு அக்கா அழுத்தினாள். அதுவரை அந்தப் பெட்டியை அவள் தூசு தட்டுவதற்காகத் தொட்டதுதான். சாய்வு நாற்காலியில் பாவா, கீழே பாயில் அக்கா, அவள் கையில் ஜாய்ஸ்டிக்.

"கீழ... இன்னும் கீழ... அது இல்ல, அதுக்கும் கீழ..."

"எதுக்கும் கீழ? ஒழுங்கா சொல்லுங்க."

"ரெண்டாவது. மருந்து. கரடிக்கு."

"கரடி நல்லாத்தான கீது? கெழவருக்குக் குடுக்கலாம்ல?"

"நான் சொல்றதச் செய்யேன்."

"இருங்க, குக்கர் கூவுது." போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். பூதம் அதற்கும் நிற்கும்.

வேலை முடிந்து நான் வாசற்படி ஏறும்போதே அவர்கள் சண்டை கேட்கும். வீட்டில் இத்தனை பேச்சு இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவா மருந்தைச் சேர்த்துவைத்து ஆடுகிறவர். எவ்வளவு அடிபட்டாலும் பையில் மருந்து மிச்சம் இருக்கவேண்டும் அவருக்கு. அக்காவுக்கு அது பிடிக்காது. ஒருநாள் வைத்தியன் சாகக்கிடக்கும்போதும் மருந்தை எடுக்காதே என்றார். அக்கா ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தாள்.

"எதுக்கு இப்பிடி மிச்சம் புடிக்கிறீங்க? யாருக்கு?"

பாவா கண்ணால் டிவியைக் காட்டினார். டிவியில் ஒரே வாத்தியம் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. அப்புறம் அக்காவே ஜாய்ஸ்டிக்கை எடுத்து, அவர் சொன்னபடியே மருந்து கொடுக்காமல் ஆடினாள். வைத்தியன் விழுந்துவிட்டான்.

பிறகு பேச்சும் போயிற்று. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அக்கா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படிப்பாள். வேண்டும் என்றால் பாவா கண்ணை மேலே தூக்குவார். வேண்டாம் என்றால் மூடிக்கொள்வார். இதில் அவள் அவ்வளவு பழகிவிட்டாள், வெளியிலிருந்து பார்த்தால் அவளாகவே ஆடுவதுபோல இருக்கும். நான் முயன்றால் எனக்கு வராது. அவர் சாதாரணமாக இமைப்பதையும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன். அவர் கண்ணால் அக்காவைத் தேடுவார்.

மூச்சு திணற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் முகமூடி மாட்டினார்கள். ஒருநாள் காலை, பெரிய டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றுகொண்டு பொறுமையாகச் சொன்னார். தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்து, மெஷினோடு இணைக்கலாம். அப்படி வைத்தால் இன்னும் கொஞ்ச காலம், சிலருக்கு வருஷக்கணக்கிலும், உயிர் இருக்கும். ஆனால் கட்டிலைவிட்டு எழமுடியாது, மெஷினைவிட்டு வரமுடியாது. கண்ணும் போகப்போக அசையாமல் போகலாம். வேண்டாம் என்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம். முடிவு அவருடையது, அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, நீங்களே கேளுங்கள் என்றார்.

அக்கா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "கொழா வெக்கலாமான்றாங்க. வெக்கலாமா?"

பாவா கண்ணை மூடினார்.

டாக்டர் இன்னொரு முறை கேட்கச் சொன்னார். "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. அவசரம் இல்ல. வெக்கலாமா?"

திறந்த கண் அவளைப் பார்த்தது. பிறகு மறுபடி மூடியது. மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வந்து காதுப்பக்கம் ஓடியது. நெடுநேரம் கண்ணைத் திறக்கவே இல்லை. அக்கா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே, "வேணாம்ன்றாரு" என்று டாக்டரிடம் சொன்னாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆடிக் கிருத்திகை சமயம். மலைக்குப் போகிற எல்லாச் சாலையிலும் பூக்காவடிகள். ஒரு முற்பகல், வெளியே அரோகரா சத்தம் போய்க்கொண்டிருக்கும்போது, பாவாவின் மூச்சு நின்றது. அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் மருந்துக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கூட்டத்தைத் தாண்டித் தெருவுக்குள் நுழைய நேரமாகிவிட்டது.

தெருவில் பாதி வீட்டில் விரதம் இருந்தார்கள். பெரியவர் ஒருவர் வந்து, தப்பாக நினைக்கவேண்டாம், காவடி போகிற நேரம், மேளம் மட்டும் இல்லாமல் எடுத்துவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பாவாவை ஏற்ற வந்த வண்டி மெயின் ரோட்டிலேயே மாட்டிக்கொண்டது. பின்பக்கச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். மேளம் இல்லாமல் போனது பாவாவுக்குக் குறைதான். கடையில் எத்தனை கூச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவர். அன்றைக்கு எங்களோடு வந்தது காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம்தான், அதுவும் தூரத்திலிருந்து.

கருமம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, ஒரு மத்தியானம் நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டிவி அடியில் பெட்டி அப்படியே இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "அந்தக் கேம் இருந்ததாலதான் அக்கா, கடைசிவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசிகினு இருந்தீங்க" என்றேன்.

அவள் வெடுக்கென்று என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடா பேசினோம்? கரடிக்கு மருந்து குடு, பாலத்தத் தாண்டு, அந்த வாளத் தூக்கு. இதான பேசினோம்? அவருக்கு வாய் இருந்த வரைக்கும் அதையே பேசித் தீத்துட்டாரு. பயமா கீதுன்னு ஒரு நாள் சொல்லல. உனக்கு இன்னா ஆவும்னு ஒரு நாள் கேக்கல. நான் கேக்க வந்தா, டிவியக் காட்டுவாரு, மேல ஆடுன்னு. நீ வந்து எட்டிப் பாத்துட்டு, சந்தோசமா கீறாங்கன்னு மாடிக்குப் போயிடுவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கரடிக்கு மருந்து வேணுமா, வேணாமான்னா அவரு கண்ணப் பாத்து எனக்குக் கரெக்டா தெரியும். அதுல நான் தப்பினதே இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரில கண்ண மூடினாரே, அது வேணாம்னு மூடினதா, அழுகை வந்து மூடினதா? எனக்குத் தெரியலடா. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

வெளியில் பூ விற்கிறவள் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவள் குரலைத் தணித்துக்கொண்டது தெரிந்தது.

"நீ பக்கத்துலதான இருந்த. உனக்கு இன்னான்னு தோணிச்சு?"

எனக்கு அவருடைய கண்ணைப் படிக்க ஒருநாளும் வந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"வேணாம்னுதான் சொன்னாரு அக்கா. ரெண்டு தடவையும் அதான் சொன்னாரு."

"ஆங்" என்றாள்.

பெட்டியையும் டிவியையும் அந்த வாரமே தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பெண்ணும் கரடியும் எந்த ஊரில் நின்றுபோனார்கள் என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. அக்கா இப்போது பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து சமைக்கிறாள், கால் வலிக்கிறது என்று சொல்கிறாள், சீரியல் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஊரில் சொல்கிறார்கள். எப்போதாவது, சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போது, கரண்டியைக் கையில் வைத்தபடி அதே கேள்வியை என்னிடம் கேட்பாள். நான் அதே பதிலைச் சொல்கிறேன்.